அமெரிக்காவின் தொடக்க வரலாறு: எந்தக் காலனியிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

அமெரிக்காவின் தொடக்க கால வரலாற்றைக் கொஞ்சம் ஆழமாகப் படிக்கலாம் என்று உட்காருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு சிக்கல் வந்துவிடும். 1607இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர் இறங்கியதில் ஆரம்பித்து, 1791இல் அரசியல் சாசனத்தின் முதல் பத்துத் திருத்தங்களான உரிமைகள் சாசனம் நடைமுறைக்கு வந்தது வரை 184 ஆண்டுகள், பதின்மூன்று காலனிகள். ஒன்றை லாபம் தேடிய வணிகக் கம்பெனி நிறுவியது. இன்னொன்றை, தங்கள் நம்பிக்கைப்படி வழிபட இடம் தேடி வந்தவர்கள் நிறுவினார்கள். மற்றொன்றை மன்னர் பழைய கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுத்தார். வேறொன்றை டச்சுக்காரர்களிடமிருந்து பிடுங்கினார்கள். பதின்மூன்றையும் ஆண்டு வரிசைப்படி ஒன்றாக இழுத்துக்கொண்டு போனால், சில வாரங்களிலேயே ஆளுநர்களின் பெயரும் சட்டங்களின் பெயரும் குழம்பி, புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றும்.

ஓர் இடத்தில் ஊன்றி நின்று படித்துவிட்டு, அங்கிருந்து மற்ற இடங்களுக்கு நகர்வது நல்லது. அந்த முதல் இடம் எது என்பதில்தான் முடிவெடுக்க வேண்டும். நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன: அமெரிக்க அரசியல் சாசனத்தை எழுதிய 1787 பிலடெல்ஃபியா மாநாட்டில் தொடங்கிப் பின்னோக்கிப் போவது, மாசசூசெட்ஸ், வர்ஜீனியா, பென்சில்வேனியாவும் நியூயார்க்கும் அடங்கிய நடுக் காலனிகள். நான் வர்ஜீனியாவின் பக்கம். ஆனால் சிலருக்கு மற்ற வழிகள்தான் பொருந்தும் என்பதால் அவற்றையும் உரிய மரியாதையோடு பார்த்துவிடலாம்.

1787 வழியின் பெரிய வசதி, அது சிறியது. மே 25 முதல் செப்டம்பர் 17 வரை, நான்கு மாதத்துக்கும் குறைவான காலம். ஒரே கட்டடம். மொத்தம் 55 பிரதிநிதிகள் வந்து போனார்கள். கடைசியில் கையெழுத்திட்டவர்கள் 39 பேர். விவாதம் வெளியே போகக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் தலைவரின் இருக்கைக்கு முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்து, யார் என்ன பேசினார்கள் என்று தினமும் குறிப்பெடுத்தார். அந்தக் குறிப்புகள் அவர் உயிரோடு இருந்தவரை வெளிவரவில்லை. 1836இல் அவர் இறந்து, 1840இல்தான் அச்சாயின. இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரிய மாநிலத்துக்கு அதிக இடமா, எல்லா மாநிலத்துக்கும் சம இடமா, குடியரசுத் தலைவரை யார் தேர்ந்தெடுப்பது, நீதிபதிகளை யார் நியமிப்பது என்ற வாதங்களெல்லாம், மாநிலங்களவையையும் ஆளுநர் பதவியையும் பற்றிச் செய்தித்தாளில் தினமும் படிக்கிற நமக்கு உடனே பிடிபடும். சட்டம் படிப்பவர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், கையில் ஒரு மாதம்தான் இருக்கிறது என்பவர்கள் தயங்காமல் இந்த வழியையே எடுக்கலாம்.

இதற்கு நெருங்கிய வகையொன்று, பிரிட்டனோடு பூசல் தொடங்கிய 1763இல் ஆரம்பித்து, காலனிகள் விடுதலை அறிவித்த 1776இல் முடிப்பது. தமிழ் வாசகருக்கு அதில் கூடுதல் ஈர்ப்பு உண்டு. 1773 டிசம்பர் 16 இரவில் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலை, சென்னையில் கோட்டை கட்டி ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. விளைந்தது சீனாவில், விற்க முயன்றது லண்டனில் இருந்த கம்பெனி. 1781இல் யார்க்டவுனில் தோற்றுச் சரணடைந்த கார்ன்வாலிஸ்தான் பின்னாளில் இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்து திப்பு சுல்தானோடு போரிட்டவர். அமெரிக்க விடுதலைப் போரையொட்டி பிரிட்டனும் பிரான்சும் நடத்திய கடைசிக் கடற்போர்களில் ஒன்று 1783 ஜூனில் கடலூருக்கு எதிரே நடந்தது. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. அந்தச் செய்தி இங்கே வந்து சேர்வதற்குள் கடலூரில் சண்டை முற்றியிருந்தது. ஒரே பேரரசின் இரண்டு ஓரங்கள் என்ற உணர்வு இந்த வழியில் வருகிறவர்களுக்குச் சீக்கிரம் வரும்.

ஆனாலும் இதை முதல் வழியாக எல்லோருக்கும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1787 ஜூலை 12 அன்று, மக்களவைக்கான பிரதிநிதித்துவத்தைக் கணக்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணிக்கொள்வது என்று மாநாடு முடிவு செய்தது. நேரே 1787இல் நுழைந்தவருக்கு இது விசித்திரமான ஒரு பின்னமாகத்தான் தெரியும். மனிதர்களை இப்படி எண்ணலாம் என்று படித்த, பண்பான ஆட்களுக்கு எப்படித் தோன்றியது, அதை மற்றவர்கள் ஏன் விழுங்கினார்கள் என்ற கேள்விக்கு அந்த மண்டபத்துக்குள் விடை கிடைக்காது. விடை நூறாண்டுக்கு மேல் பின்னால், புகையிலை வயல்களில் இருக்கிறது. இன்னொன்று, அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் வாதம் செய்யும் அறிவாளிகளாக மட்டுமே நமக்கு அறிமுகமாகிறார்கள். நிலம் வாங்கி விற்றவர்கள், லண்டன் வணிகர்களுக்குக் கடன்பட்டவர்கள், தங்கள் வயலில் நூற்றுக்கணக்கானவர்களை அடிமையாக வைத்திருந்தவர்கள் என்று அவர்களைப் பார்க்க வேண்டுமானால் அவர்களுடைய ஊரில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, மாசசூசெட்ஸ். ஆவணங்கள் என்று பார்த்தால் இதை அடிக்க வேறு காலனி கிடையாது. 1630இல் ஆளுநர் ஜான் வின்த்ராப் தலைமையில் வந்தவர்கள் தங்கள் கம்பெனியின் பட்டயத்தையே கப்பலில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அதனால் லண்டனில் பங்குதாரர் கூட்டம் நடத்த வேண்டிய நிறுவனம், பாஸ்டனில் ஓர் அரசாங்கமாகவே மாறியது. 1636இல் ஹார்வர்டு கல்லூரி. அடுத்த சில ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் அச்சகம். ஊர்க்கூட்டங்கள் வேலித் தகராறு முதல் தேவாலயத்தில் யார் எந்த இருக்கையில் உட்காருவது என்பது வரை எழுதிவைத்தன. 1637இல் அன் ஹட்சின்சன் என்ற பெண் நீதிமன்றத்தில் நின்று வின்த்ராப்புக்கே பதில் சொன்ன விசாரணை கேள்வியும் பதிலுமாக நம் கையில் இருக்கிறது. 1692 சேலம் சூனியக்காரி வழக்குகளின் வாக்குமூலங்களும் அப்படியே. 19 பேரைத் தூக்கிலிட்ட அந்த வழக்குகளில் யார் யார் மேல் பழி சொன்னார்கள், அந்தக் குடும்பங்களுக்குள் முன்பே என்ன பகை என்றெல்லாம் ஊர் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

அப்புறம், நம்மூர்த் தொடர்பும் இங்கே உண்மையாகவே உண்டு. பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். மதராஸில் சேர்த்த செல்வத்தோடு இங்கிலாந்தில் குடியிருந்த அவருக்கு, கனெக்டிகட்டில் இருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு உதவும்படி 1718இல் பாஸ்டன் போதகர் காட்டன் மேதர் கடிதம் எழுதினார். யேல் 417 புத்தகங்களும், ஒன்பது பொதிச் சரக்கும், மன்னரின் படம் ஒன்றும் அனுப்பினார். கல்லூரிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. இதே காட்டன் மேதர், தரங்கம்பாடியில் தமிழ் கற்று விவிலியத்தை அச்சிட்டுக்கொண்டிருந்த சீகன்பால்குவுக்கும் எழுதியவர். தரங்கம்பாடியிலிருந்து வந்த பதிலோடு சேர்த்து அந்தக் கடிதங்கள் 1721இல் பாஸ்டனில் அச்சாயின. அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1663இல், கேம்பிரிட்ஜ் அச்சகத்தில் அங்கே பூர்வகுடிகளான மாசசூசெட் மக்களின் மொழியில் முழு விவிலியம் வெளிவந்திருந்தது. ஆங்கிலேயரின் வட அமெரிக்கக் காலனிகளில் அச்சான முதல் விவிலியம் ஆங்கிலத்தில் இல்லை. இரண்டு கரைகளிலும் நடந்த அச்சு வேலையை ஒப்பிட்டு ஆராய விரும்பும் தமிழருக்கு மாசசூசெட்ஸே சரியான இடம்.

தடை எங்கே வருகிறது என்றால், இறையியலில். உடன்படிக்கை, தெரிந்தெடுக்கப்படுதல், கிருபை என்று எல்லா வாதமும் விவிலியத்தைச் சுற்றியே நடக்கிறது. விவிலியத்தோடு வளர்ந்தவருக்கு இது சிரமமில்லை. மற்றவர்கள் முதல் இரண்டு மாதத்தைப் பிரசங்கங்களை அவிழ்ப்பதிலேயே செலவழிக்க வேண்டிவரும். இன்னொரு ஆபத்தும் உண்டு. 1620இல் மேஃப்ளவர் கப்பலில் வந்த 102 பயணிகளின் கதை உலகம் முழுவதும் பரவியிருப்பதால், அமெரிக்காவே அங்கிருந்துதான் தொடங்கியது என்ற நினைப்பு நமக்குள் ஏற்கெனவே இருக்கிறது. மாசசூசெட்ஸில் தொடங்கினால் அது இன்னும் இறுகிவிடும். மேஃப்ளவர் வருவதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர் இருந்தார்கள். ஸ்பானியர்கள் ஃபுளோரிடாவில் செயின்ட் அகஸ்டீனை நிறுவியது 1565இல்.

நடுக் காலனிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவை எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் இரண்டாவது சுற்றுக்கு உரியவை. நியூயார்க்கின் முதல் நாற்பது ஆண்டு டச்சு மொழியில் இருக்கிறது. ஆல்பனியில் இருக்கும் அந்த ஆவணங்கள் ஏறத்தாழ 12,000 பக்கம். 1911இல் நூலகத்தில் பிடித்த தீயில் ஓரங்கள் கருகியவை. 1974 முதல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு வருகின்றன. பென்சில்வேனியாவைப் படிக்க 1737இல் நடந்த ஒரு நில மோசடியே போதும். ஒருவர் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம்வரை உள்ள நிலத்தை அங்கே பூர்வகுடிகளான லெனாப்பே மக்கள் முன்பே எழுதிக்கொடுத்ததாக, காலனியை நிறுவிய வில்லியம் பென்னின் பிள்ளைகள் ஒரு பழைய பத்திரத்தைக் காட்டினார்கள். சாதாரணமாக ஒரு மனிதர் வேட்டைக்குப் போவதுபோல் நடப்பார், வழியில் உட்காருவார், சாப்பிடுவார் என்றுதான் லெனாப்பே மக்கள் நினைத்தார்கள். பென் குடும்பத்தார் மூன்று வேக நடையாளர்களைத் தேர்ந்தெடுத்து, முன்கூட்டியே பாதையை வெட்டிச் சீராக்கி வைத்தார்கள். இரண்டு பேர் தாங்காமல் விழுந்தார்கள். எட்வர்ட் மார்ஷல் என்பவர் மட்டும் அறுபது மைலுக்கு மேல் போய்ச் சேர்ந்தார். அமைதிக்கும் நியாயத்துக்கும் பெயர்போன குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் காலனியில் இது நடந்தது என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. பென் நல்ல பெயர் எடுத்த 1680களையும் இதையும் சேர்த்துப் பார்க்க, முன்பு ஒரு காலனியையாவது முழுதாகப் படித்த பழக்கம் வேண்டும்.

இனி வர்ஜீனியா. இந்தக் காலனியை எடுத்துக்கொண்டால் நிலம், உழைப்பு, மக்கள் பிரதிநிதித்துவம் மூன்றும் ஒரே இடத்தில், ஒரே ஆட்களின் கையில் பின்னிக்கொண்டு வளர்வதை முதலிலிருந்தே பார்க்கலாம். 1619ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 30 அன்று ஜேம்ஸ்டவுன் தேவாலயத்துக்குள் 22 பிரதிநிதிகள் கூடினார்கள். ஆங்கிலேயரின் அமெரிக்கக் காலனிகளில் கூடிய முதல் சட்டமன்றம் அது. புகையிலைக்கு விலை நிர்ணயித்தார்கள். சோம்பலுக்கும் குடிக்கும் தண்டனை வகுத்தார்கள். வெயிலில் ஒரு பிரதிநிதி இறந்தே போனார். ஆகஸ்ட் 4 அன்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள். அதே ஆகஸ்ட் மாதக் கடைசியில், பல மைல் தள்ளியிருந்த பாயின்ட் கம்ஃபர்ட்டில் ‘வெள்ளைச் சிங்கம்’ என்ற கப்பல் வந்து நின்றது. அங்கோலாவிலிருந்து ஏற்றிவரப்பட்டு, போர்த்துகீசியக் கப்பலிலிருந்து கொள்ளையடிக்கப்பட்ட இருபது பேருக்குச் சற்று அதிகமான ஆப்பிரிக்கர்களை உணவுப் பொருளுக்கு மாற்றாக அங்கே கைமாற்றினார்கள். சட்டமன்றமும் அந்தக் கப்பலும் ஒரே கோடையில் வந்தவை. 1787இல் ஐந்தில் மூன்று என்று முடிந்த கணக்கின் இரண்டு பக்கமும் இங்கே தொடங்குகிறது.

ஆனால் அடிமை முறை அந்தக் கப்பலோடு சட்டமாக வந்து இறங்கவில்லை. அது எப்படி ஒவ்வொரு படியாகக் கட்டப்பட்டது என்பதைப் பார்க்க வர்ஜீனியாவைப்போல் வேறு இடமில்லை. முதலில் வயலில் இறங்கியவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். கப்பல் கட்டணத்தை எஜமானர் கொடுப்பார். ஆள் நான்கு முதல் ஏழு ஆண்டு உழைத்துக் கழிக்க வேண்டும். ஒப்பந்தக் கூலி முறையை மொரிஷியஸ், நேட்டால், ஃபிஜி போன தமிழர்களின் வரலாறு வழியாக அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இங்கே கூடுதலாக ஒரு கொக்கி: ஒவ்வோர் ஆளை அழைத்துவந்ததற்கும் 50 ஏக்கர் நிலம், அழைத்துவந்தவருக்கு. ஆள் பிடித்தால் நிலம், நிலம் கிடைத்தால் புகையிலை, புகையிலை விற்றால் இன்னும் ஆள். அந்த நிலம் பூர்வகுடிகளான போஹட்டன் கூட்டமைப்பு மக்களுடையது. 1622 மார்ச் 22 அன்று அவர்களுடைய தலைவர் ஓப்பெச்சான்கனோ ஒரே காலையில் நடத்திய தாக்குதலில் 347 குடியேறிகள் இறந்தார்கள். இரண்டே ஆண்டில் கம்பெனியின் பட்டயத்தை மன்னர் ரத்து செய்து, காலனியைத் தன் நேரடி ஆட்சியில் எடுத்துக்கொண்டார். போஹட்டன் மக்கள் அதோடு மறைந்துபோனதாக நினைத்துவிடக் கூடாது. பமுங்கி, மட்டபோனி குலத்தார் பதினேழாம் நூற்றாண்டு உடன்படிக்கைப்படி இன்றும் ஆண்டுதோறும் வர்ஜீனியா ஆளுநரின் மாளிகைக்கு மான் கொண்டுவந்து திறை செலுத்துகிறார்கள்.

1640இல் மூன்று வேலையாட்கள் எஜமானரிடமிருந்து தப்பி மேரிலாந்துக்கு ஓடிப் பிடிபட்டார்கள். மூவருக்கும் முப்பது கசையடி. அவர்களில் ஒருவர் டச்சுக்காரர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர். இருவருக்கும் கூடுதலாக நான்கு ஆண்டு வேலை. மூன்றாமவர் ஜான் பஞ்ச், கறுப்பர். அவருக்கு ஆயுள் முழுதும் வேலை. ஒரே குற்றம், ஒரே நாள், ஒரே தீர்ப்பு. சில வரிதான். ஆனால் ஒரு நாட்டின் வரலாற்றில் பெரிய பிளவு எங்கே முதலில் கீறியது என்று கேட்டால், நான் அந்தச் சில வரிகளைத்தான் காட்டுவேன்.

அதற்குப் பிறகு எலிசபெத் கீ வழக்கு. தந்தை ஆங்கிலேயர், தாய் ஆப்பிரிக்கர். ஒப்பந்தக் காலம் முடிந்தும் தன்னை விடவில்லை என்று அவர் வழக்குப் போட்டார். என் தந்தை சுதந்திர மனிதர், நான் ஞானஸ்நானம் பெற்றவள், என்னை இத்தனை ஆண்டுக்கு மட்டுமே வேலைக்கு விட்டார்கள் என்பது அவர் தரப்பு. ஒரு நீதிமன்றத்தில் வென்று, மேல்முறையீட்டில் தோற்று, சட்டமன்றம் வரை போய் 1656இல் விடுதலை பெற்றார். தன் வழக்கறிஞரையே மணந்தார். ஆறு ஆண்டு கழித்து, 1662இல் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது: குழந்தை அடிமையா சுதந்திரரா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது. 1667இல் இன்னொன்று: ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை நிலை மாறாது. எலிசபெத் கீ வெளியேறிய வாசல்கள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. இங்கிலாந்தில் பிள்ளையின் நிலை தந்தையைப் பொறுத்தது. அந்த மரபையே தலைகீழாகத் திருப்பித்தான் இதைச் செய்தார்கள். செய்தது 1619இல் தேவாலயத்தில் தொடங்கிய அதே மக்கள் மன்றம். வர்ஜீனியாவைப் படிக்கும்போது மனதைக் கனக்கவைப்பது இதுதான்: அங்கே சுயாட்சி வளர வளர, அந்த ஆட்சியின் கையாலேயே சங்கிலியும் நீண்டது.

1676இல் நத்தானியேல் பேகன் என்ற பண்ணையார் ஆளுநர் பெர்க்லிக்கு எதிராகக் கிளம்பி ஜேம்ஸ்டவுனையே எரித்தார். அக்டோபரில் வயிற்றுக்கடுப்பில் அவர் இறந்த பிறகும் ஆயுதத்தைக் கீழே போட மறுத்து நின்ற ஒரு கூட்டத்தில் ஏறத்தாழ 80 ஆப்பிரிக்கர்களும் 20 ஆங்கிலேயர்களும் இருந்தார்கள். இந்தக் கலகத்தில் ஏழை வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து நின்றதைக் கண்டு மிரண்டதால்தான் பண்ணையார்கள் ஆப்பிரிக்க அடிமைகளின் பக்கம் திரும்பினார்கள் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து கூலிகள் வருவது குறைந்ததும், அடிமை வணிகத்தில் ஒரு கம்பெனிக்கு இருந்த ஏகபோகம் 1698இல் உடைந்ததும்தான் காரணம் என்று இன்னொரு சாரார். எனக்கு இரண்டாவது வாதம் வலுவாகத் தெரிகிறது. ஆனால் 1705இல் வெள்ளைக் கூலியையும் கறுப்பு அடிமையையும் சட்டத்தில் துல்லியமாகப் பிரித்துவைத்த விதத்தைப் பார்த்தால் முதல் வாதத்தை ஒதுக்கவும் முடியவில்லை. புதிதாகப் படிக்கிறவர் தானே ஆவணத்தைப் பார்த்து ஒரு பக்கம் எடுக்க முடிகிற விவாதம் இது.

இதே வர்ஜீனியாவே நம்மை அரசியலுக்கும் கொண்டுபோய்விடும். ஓஹாயோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் நிலத்துக்கு வர்ஜீனியாப் பண்ணையார்கள் ஆசைப்பட்டார்கள். 1754இல் அங்கே அனுப்பப்பட்ட 22 வயது ஜார்ஜ் வாஷிங்டன் பிரெஞ்சுக்காரர்களோடு மோதினார். அது பெரிய போராக வெடித்து 1760இல் வந்தவாசி வரை வந்தது. போர் முடிந்ததும் அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று 1763இல் மன்னர் அறிவித்தார். போர்ச் செலவை ஈடுகட்ட வரிகள் வந்தன. வாஷிங்டன், ஜெஃபர்சன், மேடிசன், மன்றோ என்று முதல் ஐந்து குடியரசுத் தலைவர்களில் நால்வர் வர்ஜீனியர்கள். 1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியாவின் 7,47,610 பேரில் 2,92,627 பேர் அடிமைகள். ஐந்தில் மூன்று என்ற பின்னம் யாருக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கும் என்பதை அப்போது நாமே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வர்ஜீனியாவின் உயர் நீதிமன்றப் பதிவுகளில் பெரும்பகுதி, 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் எரிந்தபோது போய்விட்டன. ஜான் பஞ்ச் தீர்ப்பு போன்றவை முன்பே யாரோ எழுதிவைத்த குறிப்புகளால் மிஞ்சியவை. மாசசூசெட்ஸில் ஒரு ஏழை விவசாயியின் வீட்டுச் சாமான் பட்டியலைக்கூடப் பார்க்கலாம். இங்கே அப்படி எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் கிழக்குக் கரையில் நார்த்ஆம்ப்டன் மாவட்ட நீதிமன்றப் பதிவுகள் 1632 முதல் இடைவிடாமல் இருக்கின்றன. சட்டங்களை ஹெனிங் என்பவர் 13 தொகுதிகளாக அச்சிட்டுவைத்தார். மண்ணும் கைகொடுக்கிறது. ஜேம்ஸ்டவுன் கோட்டையை ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது என்றே நம்பியிருந்தார்கள். 1994இல் தொடங்கிய அகழாய்வில் கோட்டையின் மரச்சுவர் நட்ட தடங்கள் கிடைத்தன. 1609–10 குளிர்காலப் பட்டினியில் சில நூறு பேர் ஏறத்தாழ 60 ஆகக் குறைந்தார்கள். அப்போது மனித மாமிசம் தின்றார்கள் என்று எழுதப்பட்டிருந்ததைப் பலர் மிகை என்றார்கள். சுமார் 14 வயதுப் பெண்ணின் மண்டையோடு ஒன்று வெட்டுத் தடங்களோடு அங்கே கிடைத்தது. 2013இல் அதை அறிவித்தார்கள்.

வர்ஜீனியா, மாசசூசெட்ஸ் இரண்டையும் ஒப்பிட ஒரே ஒரு இடத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், நான் இதைச் சொல்வேன். 1776 ஜூன் 12 அன்று வர்ஜீனியா தன் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. எல்லா மனிதரும் இயற்கையிலேயே சமமாகச் சுதந்திரமானவர்கள் என்று ஜார்ஜ் மேசன் எழுதியதைக் கேட்டதும் சில உறுப்பினர்கள் பதறினார்கள். இது அடிமைகளுக்கும் பொருந்திவிடாதா? அதனால் ‘சமூகம் என்ற நிலைக்குள் வரும்போது’ என்று ஒரு நிபந்தனையை நடுவில் செருகினார்கள். அடிமைகள் சமூகத்தின் அங்கமே இல்லை என்று சொல்லிக்கொள்ள அது இடம் கொடுத்தது. 1780 மாசசூசெட்ஸ் சாசனத்தில் ஜான் ஆடம்ஸின் வரைவு வழியாக இதே கருத்து இடம்பெற்றது. அங்கே இந்தச் செருகல் இல்லை. மறு ஆண்டே மம் பெட் என்ற அடிமைப் பெண், ஷெஃபீல்டில் தன் எஜமானரின் வீட்டைவிட்டு வெளியேறி, எல்லோரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்றால் நான் யார் என்று கேட்டு வழக்குத் தொடுத்தார். ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1790 கணக்கெடுப்பில் மாசசூசெட்ஸில் அடிமை ஒருவரும் பதிவாகவில்லை. வர்ஜீனியர்கள் எதற்குப் பயந்து அந்தச் செருகலைப் போட்டார்களோ, அது செருகல் இல்லாத இடத்தில் ஐந்தே ஆண்டில் நடந்துவிட்டது. வர்ஜீனியாவை முதலில் படித்தவருக்கே மம் பெட் வழக்கின் முழு எடையும் தெரியும்.

நடைமுறைக்கு வருவோம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், ஐந்தாறு மாதம் என்று வைத்துக்கொண்டால், முதலில் வர்ஜீனியாவைப் பற்றி ஒரு முழுமையான வரலாற்று நூலை எடுத்து, கூடவே ஹெனிங் தொகுதிகளிலிருந்து 1662, 1667, 1705 சட்டங்களை மட்டும் மூலத்தில் படியுங்கள். பழைய எழுத்துக்கூட்டல் முதல் வாரம் தொல்லை தரும். வாய்விட்டுப் படித்தால் தெளிந்துவிடும். சட்டங்களில் நடை நேரடியானது, பிரசங்கங்களைவிட எவ்வளவோ எளிது. தேதிகளில் மட்டும் கவனம் வேண்டும். 1752 வரை ஆங்கிலேயருக்கு ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. அதனால் 1622 மார்ச் 22 தாக்குதல் பழைய ஏடுகளில் 1621 என்றே இருக்கும். செசபீக் விரிகுடாவின் வரைபடம் ஒன்றை எப்போதும் பக்கத்தில் வையுங்கள். ஆறுகளின் கரையில்தான் எல்லாப் பண்ணைகளும் இருந்தன. கப்பல் நேரே பண்ணையின் துறைக்கே வந்து புகையிலையை ஏற்றியதால்தான் அங்கே பெரிய நகரம் எதுவும் வளரவில்லை. 1760களுக்கு வந்ததும் அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தின் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்தைத் திறந்துகொள்ளுங்கள். வாஷிங்டன், ஜெஃபர்சன், மேடிசன் மூவரின் கடிதங்களும் அங்கே தேடிப் படிக்கும் வசதியோடு இலவசமாக இருக்கின்றன.

வர்ஜீனியாப் படிப்பை 1788 ஜூனில் ரிச்மண்டில் நடந்த மாநாட்டோடு நிறுத்துங்கள். அரசியல் சாசனத்தை ஏற்பதா வேண்டாமா என்று அங்கே மேடிசன் ஒரு பக்கம், பேட்ரிக் ஹென்றியும் ஜார்ஜ் மேசனும் எதிர்ப்பக்கம். ‘மாநிலங்களாகிய நாம்’ என்று எழுதாமல் ‘மக்களாகிய நாம்’ என்று எழுத இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று ஹென்றி கேட்டார். 89க்கு 79 என்ற கணக்கில்தான் சாசனம் தப்பித்தது. அந்த விவாதக் குறிப்புகளை முடித்துவிட்டு, மாசசூசெட்ஸுக்குப் போவதற்கு முன், மேடிசனின் 1787 குறிப்புகளைக் கையில் எடுத்து ஜூலை 12ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்து படியுங்கள்.